தாம்பரம் லோக்கலில் போயர் யுத்தம்

போயர் யுத்தம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காந்தி நடத்திய ஆம்புலன்ஸ் படை மட்டும்தான். பள்ளிப் பாடத்தில் அதற்கு நாலு வரி ஒதுக்குவார்கள். மற்றபடி, தென்னாப்பிரிக்காவில் இரண்டு வெள்ளைக்காரக் கூட்டங்கள் போட்டுக்கொண்ட பங்காளிச் சண்டையில் நமக்கு என்ன வேலை என்று விட்டுவிடுகிறோம். கிண்டியில் தொடங்கி தாம்பரம் வரை லோக்கல் ரயிலில் நிலையம் நிலையமாக இறங்கி ஏறிப் பாருங்கள், அந்த எண்ணம் தங்காது. யுத்தத்தை நடத்தியவர்கள், அதில் விழுந்தவர்களைச் சுமந்தவர்கள், அதன் சமாதானத்தில் ஏமாந்தவர்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் இந்தப் புறநகர்ப் பாதையோடு உறவு உண்டு. அதைப் பார்க்கத்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினேன். வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பல்லாவரத்தில் காரணம் சொல்கிறேன்.

அதற்கு முன் கதைச் சுருக்கம். டச்சுக்காரர்களின் வழிவந்த குடியேறிகள் போயர்கள். 1652 முதல் ஆப்பிரிக்காவின் தென்முனையான கேப் பகுதியில் பண்ணை வைத்துப் பிழைத்தவர்கள். நெப்போலியன் காலத்துச் சண்டைகளின்போது கேப் ஆங்கிலேயர் கைக்குப் போனது. போயர்களுக்கு ஆங்கிலேய அதிகாரமும் பிடிக்கவில்லை, அடிமை முறையை ஒழித்ததும் பிடிக்கவில்லை. 1830களில் மாட்டுவண்டிகளைப் பூட்டிக்கொண்டு வடக்கே நகர்ந்தார்கள். கறுப்பின மக்களின் மண்ணில் டிரான்ஸ்வால், ஆரஞ்சு சுதந்திர நாடு என்று இரண்டு குடியரசுகளை நிறுவிக்கொண்டார்கள். 1886ல் டிரான்ஸ்வாலில் தங்கம் அகப்பட்டது. அதன் பிறகு ஆங்கிலேயர் சும்மா இருப்பார்களா? 1899 அக்டோபர் 11 அன்று சண்டை மூண்டது. 1902 மே 31 அன்று முடிந்தது. பக்கத்தில் ஆங்கிலேயர் வசம் இருந்த நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் அப்போது பல்லாயிரம் தமிழர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரை டர்பனில் கொண்டுபோய் இறக்கியதிலிருந்து தொடங்கிய வரிசை அது.

கிண்டி

கிண்டி நிலையத்தில் இறங்கி சர்தார் படேல் சாலைப் பக்கம் வந்தால் ஆளுநர் மாளிகையின் மதில் நீண்டுகொண்டே போகிறது. வெள்ளைக்கார ஆளுநர்களுக்கு இது ஊருக்கு வெளியே இருந்த தோட்ட வீடு. போயர் யுத்தம் மூண்டபோது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் சர் ஆர்தர் ஹேவ்லாக். ராஜமுந்திரியில் கோதாவரி மேல் கட்டிய பழைய ரயில் பாலத்துக்குப் பெயர் தந்தவர். அவர் சென்னைக்கு வருமுன் இலங்கைக்கு ஆளுநர். அதற்கும் முன்பு, 1880களின் பிற்பாதியில், நேட்டாலுக்கே ஆளுநர். ஆட்களை ஏற்றி அனுப்புகிற ஊரையும் அவர்களை இறக்கி வேலை வாங்குகிற ஊரையும் ஒரே மனிதர் ஆண்டிருக்கிறார் என்றால், ஒப்பந்தக் கூலி முறை எவ்வளவு சீராக ஓடிய இயந்திரம் என்பது தெரிகிறது.

ஹேவ்லாக்கின் ஆட்சியில்தான் 1896 அக்டோபரில் காந்தி சென்னைக்கு வந்தார். 27 வயது வக்கீல். நேட்டால் தமிழர் படும் பாட்டைச் சொல்ல வந்தவர், 26ஆம் தேதி பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்துப் பற்கள் உடைந்து வாயெல்லாம் ரத்தமாகத் தன் அலுவலகத்துக்கு வந்து நின்ற கதை அவரிடம் இருந்தது. அவர் அச்சடித்துக் கொண்டுவந்த துண்டுப் பிரசுரத்துக்கு வேறெந்த ஊரையும்விட இங்கே கிராக்கி.

ஹேவ்லாக்குக்கு அடுத்து வந்தவர் ஆம்ப்தில் பிரபு. 1900லிருந்து 1906 வரை சென்னை ஆளுநர். பதவி முடிந்து இங்கிலாந்து திரும்பிய பிறகு, தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக லண்டனில் இயங்கிய குழுவுக்குத் தலைவரானார். காந்தியைப் பற்றி வெளிவந்த முதல் வாழ்க்கை வரலாற்றுக்கு 1909ல் முன்னுரை எழுதியவரும் அவரே. ஒரே மாளிகை, ஒரே நாற்காலி. இரண்டு மனிதர்களுக்கு இரண்டு விதமான மனசு.

சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் காந்தி மண்டபம். உள்ளே நுழைகிறவர்கள் காந்தி, ராஜாஜி, காமராஜர் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதே வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. நான் போனபோது கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் வெளித் திண்ணையில் செல்போனில் மூழ்கியிருந்தார்கள். சீனிவாசன் பிறந்தது மதுராந்தகம் பக்கத்தில் கோழியாளம். 1893ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இங்கிலாந்து போக வேண்டும் என்று கிளம்பியவர், 1900களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா போய்ச் சேர்ந்து, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். கூண்டில் நிற்கும் தமிழ்க் கூலிக்கும் மேடையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை நீதிபதிக்கும் நடுவே நின்ற குரல் அவருடையது. தமிழில் கையெழுத்துப் போடக் காந்திக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான் என்பார்கள். நாடு திரும்பிய பின் அம்பேத்கரோடு வட்டமேஜை மாநாட்டுக்குப் போனார். வட்டமேஜை எல்லோருக்கும் தெரிகிறது. நேட்டால் கோர்ட்டில் கழிந்த வருஷங்களைப் பேசுவார் இல்லை.

பரங்கிமலை

அடுத்த நிலையம் பரங்கிமலை. மலை என்று பெயரே தவிர, முந்நூறு அடி இருந்தால் அதிகம். கோஜா பெட்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிக் கொடுத்த படிகளில் ஏறினால், உச்சியில் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெற்கே பார்த்தால் மீனம்பாக்கம் ஓடுபாதை முழுசாகத் தெரிகிறது. விமானம் ஒன்று சக்கரத்தை இறக்கிக்கொண்டு கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே போகிறது. அடிவாரத்தில் பச்சைப் பசேல் என்று மைதானங்கள், ஓட்டுக் கூரைப் பங்களாக்கள், இன்றைய ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம். பழைய சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது.

சென்னைப் படை என்றதும் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்: பிரடெரிக் ராபர்ட்ஸ். 1881லிருந்து 1885 வரை அந்தப் படையின் தளபதி. பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதி. தமிழரும் தெலுங்கரும் சண்டைக்கு லாயக்கில்லை, வடக்கே இருக்கும் 'வீர இனங்கள்' மட்டுமே சிப்பாய் வேலைக்குத் தோது என்ற கொள்கையை அடித்துப் பேசியவர்களில் முதல் வரிசை ஆள். அவர் பேச்சு எடுபட்டது. சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சிலவற்றில் தெற்கத்தி ஆட்களை எடுத்துவிட்டு வடக்கத்தியரை நிரப்பினார்கள். கிளைவ் காலத்திலிருந்து கும்பினிக்காகச் சண்டை போட்ட படைக்குக் கிடைத்த மரியாதை அது.

இப்போது நேட்டாலுக்குப் போவோம். இந்த யுத்தத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையரே துப்பாக்கி தூக்க வேண்டும் என்று லண்டன் முடிவெடுத்திருந்தது. வெள்ளையனைச் சுட இந்தியனுக்குக் கற்றுக்கொடுத்தால் பின்னால் வம்பு என்ற பயம். ஆகவே இந்தியாவிலிருந்த வெள்ளைப் பட்டாளங்கள் கப்பலேறியபோது, கூடவே போன நம் ஆட்கள் எல்லாம் குதிரைக்காரர்கள், தண்ணீர் சுமப்பவர்கள், டோலி தூக்குபவர்கள், தோட்டிகள். இது போதாது என்று நேட்டாலில் காந்தி ஓர் ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். சுமார் 1,100 பேர். அவர்களில் 300 பேர்போல ஒப்பந்தம் முடித்த சுதந்திர இந்தியர்கள், மீதிப் பேர் தோட்ட முதலாளிகள் இரவல் கொடுத்த ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் இந்தியரில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் என்பதால், டோலித் தண்டு யார் தோளில் ஏறியது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

1899 டிசம்பர் 15 அன்று கொலென்ஸோவில் ஆங்கிலேயர் படுதோல்வி அடைந்தனர். போயர்கள் சுட்டுக்கொண்டிருந்த வெட்டவெளியில் மாட்டிக்கொண்ட பீரங்கிகளை மீட்கப் பாய்ந்தவர்களில் ஒரு இளம் லெப்டினன்ட் குண்டடிபட்டு விழுந்தார். இரண்டு நாளில் உயிர் போனது. அவர் ராபர்ட்ஸ் பிரபுவுக்கு மிஞ்சியிருந்த ஒரே மகன். அவரைக் களத்திலிருந்து சுமந்து வந்தது தங்கள் படைதான் என்று காந்தி பதிவு செய்திருக்கிறார். தமிழன் சண்டைக்கு உதவமாட்டான் என்று முத்திரை குத்திய தளபதியின் பிள்ளையை, அந்தத் தமிழர்கள் நிறைந்த படை தூக்கிவந்தது. மகன் இறந்த அதே நாளில் 67 வயது ராபர்ட்ஸை தென்னாப்பிரிக்கப் படைகளுக்குத் தலைமைத் தளபதியாக நியமித்தார்கள்.

அடுத்த மாதம், 1900 ஜனவரி 24, ஸ்பியன் காப் என்ற குன்று. பரங்கிமலையைவிடப் பல மடங்கு உயரம். உச்சியைப் பிடித்த ஆங்கிலேயர், பொழுது விடிந்து மூடுபனி விலகியதும்தான் மூன்று பக்கமும் போயர் துப்பாக்கிகள் தங்களைப் பார்த்திருப்பதைக் கண்டார்கள். காயம்பட்டவர்களை டோலியில் வைத்து 20, 25 மைல் நடந்தே கொண்டுபோக வேண்டியிருந்தது. மாரில் குண்டு பாய்ந்தவனைக் குலுக்காமல் சுமக்க வேண்டும் என்றால் தோள் மாற்றும் நேரம்கூடப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். அந்தக் குன்றைச் சுற்றி அன்று மூன்று எதிர்காலத் தலைவர்கள் இருந்தார்கள்: போயர் பக்கம் தென்னாப்பிரிக்காவின் பிரதமராகப் போகும் லூயி போத்தா, ஆங்கிலேயப் பக்கம் சர்ச்சில், டோலிப் பக்கம் காந்தி. படைத் தலைவர்களுக்கு அப்புறம் பதக்கம் கொடுத்தார்கள். தண்டு தூக்கிய கூலிகள் கரும்புக்குத் திரும்பினார்கள்.

பல்லாவரம்

வெள்ளிக்கிழமைக்குக் காரணம் பல்லாவரம் சந்தை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் கூடும் அது, உடைந்த தையல் மிஷினில் தொடங்கி புறா, செடி, பழைய கதவு நிலை வரை எல்லாம் விற்கும் இடம். பக்கத்திலேயே கன்டோன்மென்ட். 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் ஆதிமனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்த ஊரும் இதுதான். பழசைப் பொறுக்குவதற்கு ராசியான மண்.

தார்ப்பாயின் மேல் நாணயங்களைப் பரப்பி வைத்திருந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்தேன். பச்சை படிந்த ஒரு செப்புக் காலணாவை எடுத்துத் தன் லுங்கியில் தேய்த்துக் காட்டினார்.

"விக்டோரியா ராணி சார். பாருங்க, மூக்குகூடத் தேயல. அம்பது ரூபா குடுங்க."

"முப்பதுக்குத் தர்றீங்களா?"

"ராணிக்கே பேரம் பேசுறீங்களே சார். சரி, நாப்பது. கடைசி."

வாங்கிக்கொண்டேன். முடி சூடிய தலை, சுற்றிலும் பேரரசி என்ற பட்டம், பின்பக்கம் கால் அணா. தாம்பரமும் பல்லாவரமும் அப்போது செங்கல்பட்டு ஜில்லா. இந்தக் காசுகளைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாக இருந்த மக்கள் அந்த ஜில்லாவில் ஏராளம். நிலமில்லாத பறையர்களின் நிலைமையை 1891ல் கலெக்டர் ட்ரெமென்ஹீர் அறிக்கையாக எழுதி அனுப்பினார். குடியிருக்கும் குடிசை மண்கூட மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் வீட்டை விட்டே துரத்திவிடுவார்கள். அந்த அறிக்கையின் விளைவாக 1892ல் வந்த ஆணைதான் பஞ்சமி நிலங்களுக்கு வழி செய்தது. அறிக்கை வருவதற்கு முன்பே, தாது வருஷப் பஞ்சத்தையும் பார்த்துவிட்ட ஜனங்களில் ஒரு பகுதி கப்பலைத் தேடிப் போயிருந்தது. 1860லிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்காரர்கள்.

அவர்களுக்குக் கிடைத்தது என்ன? முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. ஐந்தாம் வருஷம் 14. அன்றைய கணக்கில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய், ஆக 10 ஷில்லிங் என்பது ஏழரை ரூபாய். இந்தக் காலணாவில் 480. ஊரில் கிடைக்காத தொகைதான். ஆனால் ஐந்து வருஷம் முடிந்து சொந்தக் காலில் நிற்க நினைத்தால் தலைக்கு வருஷம் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895ல் நேட்டால் அரசு சட்டம் போட்டது. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங், நாலு மாதச் சம்பளத்துக்கு மேல். அந்தச் சட்டத்துக்குப் பின் வந்து சேர்ந்தவர்களின் ஒப்பந்தம் முடியத் தொடங்கியது 1901ல். அதாவது, கொலென்ஸோவிலும் ஸ்பியன் காப்பிலும் தமிழர்கள் டோலி தூக்கி இரண்டு வருஷம் ஆகுமுன், யுத்தம் இன்னும் நடந்துகொண்டிருக்கையிலேயே, வரி வசூல் ஆரம்பமாகிவிட்டது. 1903ல் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள்: பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13 வயது ஆனால் போதும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. டிரான்ஸ்வாலில் போயர்கள் இந்தியர்களைக் கேவலமாக நடத்துகிறார்கள், நிலம் வாங்கவிடுவதில்லை, ஒதுக்குப்புறத்தில் தள்ளுகிறார்கள் என்று யுத்தத்துக்கு நியாயம் சொன்னவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் யுத்த மந்திரி லான்ஸ்டவுன் பிரபு. நம் பழைய வைஸ்ராய்தான். யுத்தத்தில் ஜெயித்து டிரான்ஸ்வால் கைக்கு வந்ததும் அந்தச் சட்டங்களைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும் அல்லவா? போயர்கள் தூங்க விட்டிருந்த சட்டங்களையும் ஆங்கிலேய அதிகாரிகள் தட்டி எழுப்பினார்கள். 1906ல் ஆசியர்கள் எல்லாரும் பத்து விரல் ரேகையும் பதிக்க வேண்டும் என்ற அவசரச் சட்டத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். சத்தியாக்கிரகம் பிறந்தது அங்கேதான்.

தாம்பரம்

பல்லாவரத்தைத் தாண்டினால் குரோம்பேட்டை, சானடோரியம், அப்புறம் தாம்பரம். 1931ல் மின்சார ரயில் வந்து சேர்ந்த நாளிலிருந்து இது நகரத்தின் தெற்கு வாசல். தெற்கே போகிறவர்கள் பையும் மூட்டையுமாக மேம்பாலத்தில் ஓடுகிறார்கள். திருச்சி வண்டிக்கான அறிவிப்பு காதைக் கிழிக்கிறது.

அந்தத் திருச்சிக்கும் நம் கதையில் இடம் உண்டு. 1900 ஜூன் மாதத்துக்குள் ஆங்கிலேயர் இரண்டு குடியரசுகளின் தலைநகரங்களையும் பிடித்துவிட்டார்கள். போயர்கள் சரணடையாமல் காட்டுக்குள் புகுந்து கொரில்லாப் போருக்கு மாறினார்கள். ராபர்ட்ஸுக்குப் பின் தலைமை ஏற்ற கிச்சனர், அவர்களுக்குச் சோறு போடும் பண்ணைகளைக் கொளுத்தினார். பெண்களையும் பிள்ளைகளையும் முள்வேலி முகாம்களில் அடைத்தார். அம்மையும் வயிற்றுப்போக்கும் பசியும் சேர்ந்து ஏறக்குறைய 28,000 போயர் உயிர்களை வாங்கின. அவற்றில் 22,000க்கு மேல் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். கறுப்பினத்தவருக்குத் தனி முகாம்கள். அங்கே எழுதி வைத்த கணக்கிலேயே 14,000 சாவு. போயர் முகாம்களின் நிலையை எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஊரறியச் செய்தார். கறுப்பர் முகாமைப் பற்றி வெளியுலகம் கேட்கவே பல காலம் ஆயிற்று.

பிடிபட்ட போயர் வீரர்களைத் தென்னாப்பிரிக்காவில் வைத்திருந்தால் தப்பிவிடுவார்கள் என்று கப்பலேற்றினார்கள். செயின்ட் ஹெலினா, பெர்முடா, இலங்கை, இந்தியா. இந்தியாவுக்கு மட்டும் சுமார் 9,000 பேர். அகமத்நகர், அமிர்தசரஸ், பெல்லாரி என்று பல முகாம்கள். நம் பக்கத்தில் திருச்சிராப்பள்ளி, நீலகிரியில் கேத்தி, வெலிங்டன். கூலிகள் போன கடல் வழியில் கைதிகள் வந்தார்கள். திருச்சி ஜில்லாக்காரர் நேட்டால் வெயிலில் கரும்பு வெட்ட, டிரான்ஸ்வால் பண்ணைக்காரர் திருச்சி வெயிலில் சிறை இருந்தார். இருவரையும் ஏற்றி இறக்கியது ஒரே சாம்ராஜ்யம்.

இலங்கையில் முதன்மை முகாம் தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் தியத்தலாவை. சமாதானம் வந்ததும் பெரும்பாலோர் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசம் சொல்லிவிட்டு ஊர் திரும்பினார்கள். எங்கல்பிரெக்ட் என்ற போயர் கடைசிவரை சத்தியம் செய்ய மறுத்து அங்கேயே தங்கிவிட்டார். யால வனவிலங்குச் சரணாலயத்தின் முதல் காப்பாளர் அவர்தான். 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்ட எம்டன் கப்பலுக்கு ரகசியமாக இறைச்சி கொடுத்தார் என்று முதல் உலகப் போரில் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அது வெறும் வதந்தி என்று தெரிந்தது எவ்வளவோ பின்னால்.

சமாதான ஒப்பந்தம் 1902 மே 31 அன்று பிரிட்டோரியாவில் கையெழுத்தானது. தோற்ற போயர்களின் பண்ணைகளைச் சீரமைக்க ஜெயித்த இங்கிலாந்து 30 லட்சம் பவுன் தந்தது. எட்டாவது ஷரத்து முக்கியம்: கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமை தருவதா என்பதை, போயர்களுக்குத் தன்னாட்சி கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். தன்னாட்சி கிடைத்த பிறகு அவர்களாகவே பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பங்கு தருவார்கள் என்று யாராவது நம்பியிருப்பார்களா? 1910ல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் பிறந்தது. பிரதமர் போத்தா, அமைச்சர் ஸ்மட்ஸ். இருவரும் போயர் தளபதிகள். 1913ல் வந்த நிலச் சட்டம் நாட்டின் மண்ணில் சுமார் ஏழு சதவீதத்தை மட்டும் கறுப்பினத்தவருக்கு விட்டுவைத்தது. அதே வருஷம் மூன்று பவுன் வரியை எதிர்த்துத் தமிழர்கள் சுரங்கத்தையும் தோட்டத்தையும் விட்டு வெளியே வந்தார்கள். சிறையில் நோய்ப்பட்டு வெளிவந்து 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையைப் பறிகொடுத்த பிறகே, 1914ல் வரி ஒழிந்தது.

நிலையத்தின் கிழக்கு வாசலில் இறங்கினால் எதிர்ப்பக்கம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. பாரிமுனையில் இருந்த கல்லூரி 1937ல் இந்தக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. 365 ஏக்கர். வாசலைத் தாண்டிப் பத்து நிமிஷம் நடந்தால் ஹாரன் சத்தம் காணாமல் போகிறது. புதருக்குள்ளிருந்து ஒரு புள்ளிமான் தலை நீட்டி, ஆள் என்று தெரிந்ததும் நிதானமாகத் திரும்பிக்கொள்கிறது.

இந்த வளாகத்தில் 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை உலகக் கிறித்தவ மிஷன் மாநாடு நடந்தது. முதலில் சீனாவில் நடப்பதாக இருந்தது; ஜப்பான் படையெடுப்பால் தாம்பரத்துக்கு மாறியது. ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து 471 பேர் வந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் ஒருவர் நாற்பது வயதான ஒரு ஜூலு தலைவர்: ஆல்பர்ட் லுத்துலி. அவருடைய ஊர் குரூட்வில், நேட்டாலின் கரும்புப் பிரதேசம். கறுப்பினக் கரும்பு விவசாயிகளுக்குச் சங்கம் கட்டியவர். செங்கல்பட்டு ஜில்லாவின் மக்களைக் கொண்டுபோய் இறக்கிய அந்தக் கரும்புக் காட்டிலிருந்து ஒருவர், செங்கல்பட்டு ஜில்லாவுக்கே வந்து இந்த மரங்களின் கீழ் நடந்திருக்கிறார்.

மாநாடு தொடங்கி ஐந்தாம் நாள் டிசம்பர் 16. நூறு வருஷத்துக்கு முன் அதே தேதியில்தான் நேட்டாலில் ஓர் ஆற்றங்கரையில் போயர்கள் ஜூலு படையை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதன் நூற்றாண்டைக் கொண்டாடப் பிரிட்டோரியாவில் லட்சக்கணக்கில் கூடிய போயர் வம்சத்தார் அன்று தங்கள் முன்னோர் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆங்கிலேயரிடம் தோற்ற வடு ஆறி, இனப்பெருமையாகப் பொங்கிய நாள் அது. பத்து வருஷத்தில், 1948ல், அந்த அலைதான் ஆட்சியைப் பிடித்து அபார்தைட் என்ற நிறப் பாகுபாட்டைச் சட்டமாக்கியது. அங்கே அடிக்கல் விழுந்துகொண்டிருந்த நாளில், தோற்ற ஜூலுக்களின் வழிவந்த லுத்துலி தாம்பரத்தில் பல நிறத்தாரோடு சமமாக உட்கார்ந்திருந்தார். சொந்த நாட்டில் அவருக்கு அப்படி ஒரு நாற்காலி கிடையாது. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் கேப் பகுதியில் கறுப்பினத்தவருக்கு மிச்சமிருந்த பொது வாக்காளர் உரிமையையும் பிடுங்கியிருந்தார்கள். 1902ன் எட்டாவது ஷரத்து போட்ட கணக்கு அது.

1952ல் லுத்துலி ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்குத் தலைவரானார். அவரோடு தோள் சேர்ந்து நின்றவர் நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவர் டாக்டர் மான்டி நாயக்கர். ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரின் வாரிசுகளும் மண்ணின் மைந்தர்களும் ஒரே மேடைக்கு வந்துவிட்டார்கள். 1960ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் லுத்துலிக்கு அறிவிக்கப்பட்டது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்.

வரலாற்றுப் புத்தகங்கள் போயர் யுத்தத்தை ஆங்கிலேயர் ஜெயித்ததாக எழுதுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கம் ஆங்கிலேயருக்கு, ஆட்சி போயருக்கு என்று இரண்டு பேரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பாகத்துக்கான விலையைக் கட்டியவர்கள் கறுப்பினத்தவரும் நம் கூலி ஜனங்களும். அந்தக் கடன் தீர, அபார்தைட் ஆட்சி முடிந்த 1994 வரை ஆயிற்று.

கடைசியாக, இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குப் போன ஒவ்வொருவரையும் பற்றிக் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடம்பில் இருந்த தழும்பு மச்சம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று இணையத்திலேயே தேடலாம். கிராமத்துப் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், அது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க நம் ஆட்களால்தான் முடியும். டர்பனிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்தும் அந்த வம்சத்தார் கொள்ளுத்தாத்தாவின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஊர் தேடி வருகிறார்கள். தமிழ் பேச வராது, முகத்தில் மட்டும் நம் ஜாடை இருக்கும். அப்படி ஒருவர் உங்கள் தெருவில் வந்து நின்றால், தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஊரில் வயதானவர்களிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பாட்டனார் வீட்டில் 'கப்பலுக்குப் போனவர்' என்று ஒரு பேச்சு இருந்திருந்தால், முதலில் அந்தப் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள்.